பகிடி எந்த இடத்தில் வதையாகிறது: பால்புதுமைப் பிள்ளைகளும் நம் வீட்டு டீவியும்

தரம் எட்டில் படிக்கும்போது, இடாப்பில் ஒன்பதாம் இலக்கம் யாருக்கு விழும் என்பது வருடத் தொடக்கத்தில் எங்களுக்கு ஒரு பெரிய கவலை. பெயர்களை அகர வரிசையில் எழுதிக்கொண்டு வருவார்கள். ஒன்பதில் யார் வந்து நிற்கிறானோ அவனுக்கு அந்த வருடம் முழுக்கச் சனிதான். டீச்சர் "ஒன்பது" என்று கூப்பிட்டதும் கடைசி வாங்கிலிருந்து ஒருவன் ஒரு மாதிரியாகக் கை தட்டுவான். வகுப்பே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன். அந்த வருடம் ஒன்பதில் வந்தவனுக்கு மெல்லிய குரல், நடையிலும் கொஞ்சம் நளினம். வேறென்ன வேண்டும்? மூன்றாம் தவணையில் அவன் இடாப்பு கூப்பிட்டு முடிந்த பிறகுதான் வகுப்புக்குள் வருவான். பிந்தி வந்ததற்குத் தினமும் இரண்டு அடி. அந்த அடி அவனுக்குப் பரவாயில்லையாக இருந்தது.

'ஒன்பது' என்பது திருநங்கைகளையும் நளினமான ஆண்களையும் இழிவாகச் சொல்லும் வசை. அந்த எண்ணுக்கு இப்படி ஓர் அர்த்தம் இருக்கிறது என்று எங்களுக்கு யார் சொல்லித் தந்தது? பாடப்புத்தகத்தில் இல்லை. அம்மா அப்பா உட்கார வைத்துச் சொல்லவில்லை. சனிக்கிழமை இரவு எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) ஓடிய தமிழ்ப்படங்களின் நகைச்சுவைக் காட்சிகள் சொல்லித் தந்தன. சேலை கட்டிய ஆண் ஒருவர் வருவார், கதாநாயகனின் நண்பன் அலறி ஓடுவான், பின்னணியில் ஒரு கோமாளி இசை. அவ்வளவுதான் பாடம். ஞாயிற்றுக்கிழமை ஓய்வு, திங்கட்கிழமை வகுப்பில் பரீட்சை.

பால்புதுமை இளையோருக்கு ஊடகம் ஆதரவாக இருக்க வேண்டும் என்று இப்போது அடிக்கடி கேள்விப்படுகிறோம். கொழும்பில் நடக்கும் ஓர் ஊர்வலத்தைப் படம்பிடித்து வானவில் கொடியோடு போடுவதுதான் அது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு விளங்கிய வரையில், திங்கட்கிழமை இடாப்பில் நடந்ததற்கும் சனிக்கிழமைப் படத்துக்கும் உள்ள தொடர்பிலிருந்துதான் இதைப் பேசத் தொடங்க வேண்டும்.

சொற்களை முதலில் பிரித்துக்கொள்வோம்

இரண்டு விஷயங்களை நாம் எப்போதும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். ஒருவருக்கு யார்மீது மனம் போகிறது என்பது பாலீர்ப்பு. ஒருவர் தன்னை ஆணாக உணர்கிறாரா, பெண்ணாக உணர்கிறாரா, இரண்டுக்குள்ளும் அடங்காதவராக உணர்கிறாரா என்பது பாலின அடையாளம். தன் பாலினத்தவர்மீதே ஈர்ப்பு உள்ளவர்கள் தன்பாலீர்ப்பினர். ஆண், பெண் இரு பாலினத்தவர்மீதும் உள்ளவர்கள் இருபாலீர்ப்பினர். பிறந்தபோது ஆண் என்று எழுதப்பட்டு, தன்னைப் பெண்ணாக உணர்ந்து வாழ்பவர் திருநங்கை. அதன் மறுபக்கம் திருநம்பி. இவர்கள் எல்லோரையும் சேர்த்துச் சொல்லப் 'பால்புதுமையினர்' என்ற சொல் இப்போது பரவலாகப் புழங்குகிறது.

நடையும் குரலும் இதில் எதையும் நிச்சயமாகச் சொல்லாது. மாசி மாதம் நம் தோட்டங்களில் காமன் கம்பம் ஊன்றிக் கூத்து ஆடுகிறோம் அல்லவா? ரதிக்கு வேஷம் கட்டுவது ஆண்தான். எங்கள் தோட்டத்தில் பல வருடங்களாக ரதியாக ஆடியவர் மருந்தடிக்கும் வேலை செய்தவர், நான்கு பிள்ளைகளின் தகப்பன். அவர் ஆடினால் பாட்டிமார் கண்ணீர் விடுவார்கள். இந்தப் பக்கம், கவ்வாத்து வெட்டுவதில் முதல் ஆளாக நிற்கிற, மீசை முறுக்கிய ஒருவருக்கு இன்னோர் ஆண்மீது அன்பு இருக்கலாம். வெளியிலிருந்து தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் நமக்கில்லை. (ரதிக்கு ஆரத்தி எடுத்த அதே ஊர், கூத்து முடிந்து மறுவாரம் நளினமாக நடக்கும் பையனைப் பார்த்துக் கை தட்டியது. எனக்கு இன்றுவரை இது புரியவில்லை.)

இது நோயா என்றால், இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973இல் தன்பாலீர்ப்பைத் தன் மனநோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17ஆம் திகதி எடுத்தது. அந்த நாள்தான் இப்போது பால்புதுமையினர் மீதான வெறுப்புக்கு எதிரான சர்வதேச நாளாக இருக்கிறது. பாலின அடையாளத்தையும் அதே நிறுவனம் 2019இல் மனநோய்ப் பிரிவிலிருந்து வெளியே கொண்டுவந்தது. ஆக, கோடாங்கியிடம் கூட்டிப்போய் வேப்பிலை அடித்தாலும் சரி, நகரத்தில் ஏதோ ஒரு கிளினிக்கில் காசைக் கொட்டினாலும் சரி, மாறப் போவதில்லை. பிள்ளைக்குப் பயம் மட்டும் கூடும்.

சட்டத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் "அது சட்டப்படி குற்றம்தானே" என்று சொல்லித்தான் பாதிப் பேர் பேச்சை முடிக்கிறார்கள். இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை 1883இல் வெள்ளைக்காரன் எழுதியது, நம் முன்னோரைக் கோப்பித் தோட்டங்களுக்குக் கொண்டுவந்த அதே ஆட்சி. அதன் 365, 365அ பிரிவுகள் தன்பாலின உறவைக் குற்றமாக்குகின்றன. 365அ முதலில் ஆண்களை மட்டும்தான் சொன்னது. 1995இல் திருத்தியபோது அதை எடுத்துவிடுவதற்குப் பதிலாகப் பெண்களையும் உள்ளே இழுத்தார்கள். பெண்களைக் குற்றவாளியாக்கும் இந்தச் சட்டம் அவர்களின் உரிமையை மீறுகிறது என்று, இலங்கையின் பால்புதுமையினர் உரிமைச் செயற்பாட்டாளர் ரொசானா பிளேமர் கல்தேரா கொண்டுபோன முறைப்பாட்டில் ஐக்கிய நாடுகளின் பெண்கள் உரிமைக் குழு 2022இல் சொன்னது. 2023இல் இந்தப் பிரிவுகளை மாற்றத் தனிநபர் பிரேரணை ஒன்று வந்தது, அது அரசியலமைப்புக்கு முரணில்லை என்று உயர் நீதிமன்றமும் அந்த வருடம் மே மாதம் தீர்மானித்தது. ஆனாலும் பாராளுமன்றத்தில் நிறைவேறவில்லை. இதில் கவனிக்க வேண்டியது, சட்டம் பேசுவது ஒரு செயலைப் பற்றி. ஒரு பிள்ளை இப்படிப்பட்ட பிள்ளையாக இருப்பது எந்தச் சட்டத்திலும் குற்றமில்லை. திருநர்களுக்குப் பாலின அங்கீகாரச் சான்றிதழ் கொடுக்க 2016இல் சுகாதார அமைச்சே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது; அதை வைத்துப் பிறப்புச் சான்றிதழைக்கூட மாற்றலாம்.

பகிடியும் வதையும்

'பகிடிவதை' என்ற சொல்லை நான் எப்போதும் வியப்போடு பார்ப்பேன். ஒரே சொல்லுக்குள் செய்கிறவனின் சாட்சியமும் படுகிறவனின் சாட்சியமும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. செய்கிறவன் "சும்மா பகிடிக்குத்தான்" என்பான். பட்டவனுக்கு அது வதை. நம் நாட்டில் அந்தச் சொல் பல்கலைக்கழகத்தோடு ஒட்டிப் போய்விட்டது. 1997இல் பேராதனையில் பொறியியல் பீடத்துத் தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதையால் உயிரிழந்தார்; அடுத்த வருடம் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. ஆனால் தரம் எட்டில் நடப்பதற்கு நமக்குத் தனிப் பெயர் இல்லை. "பிள்ளைகள் என்றால் அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம்.

நோர்வேயில் வாழ்ந்த ஆய்வாளர் டான் ஒல்வேயஸ் இதற்கு மூன்று அடையாளம் சொன்னார். வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, செய்கிறவருக்கும் படுகிறவருக்கும் இடையில் பலம் சமமில்லாமல் இருப்பது. 1982இல் நோர்வேயில் மூன்று சிறுவர்களின் தற்கொலைக்குச் சக மாணவர்களின் கொடுமைதான் காரணம் என்று பத்திரிகைகள் எழுதியதும் நாடே அதிர்ந்தது. 1983இல் அரசே பள்ளிகளில் ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. அங்கேயும் பாருங்கள், தொடக்கம் பத்திரிகைச் செய்தி.

எங்கள் இடாப்பில் இந்த மூன்றும் இருந்தன. தினமும் காலை எட்டு மணிக்கு நடந்தது. ஒருவனுக்கு எதிராக ஒரு வகுப்பே நின்றது. வேண்டுமென்றே செய்தோமா என்று கேட்டால், ஆம், எப்போது அந்த எண் வரும் என்று காத்துக்கொண்டிருந்தோம்.

மற்றக் கேலிகளுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நிறத்தைச் சொல்லி, குண்டு என்று சொல்லி, "லயத்தான்" என்று சொல்லி டவுன் பள்ளியில் ஒரு பிள்ளையைக் கேலி செய்தால், அந்தப் பிள்ளை வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவின் சேலையில் முகத்தைப் புதைக்கலாம். அம்மாவுக்கும் அதே நிறம், அதே லயம். அம்மா கூட நிற்பாள், மறுநாள் அதிபரிடம் சண்டைக்கும் போவாள். பால்புதுமைப் பிள்ளைக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. "உன்னை ஏன்டா அப்படிச் சொல்றாங்க?" என்று அம்மா கேட்டால் என்ன பதில் சொல்வது? பள்ளியில் பட்டதைச் சொல்ல வேண்டுமானால், வீட்டில் இன்னும் சொல்லாத ஒன்றையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். அதனால் வாயே திறப்பதில்லை. வயிற்றுவலி என்று சொல்லிப் பள்ளிக்குப் போகாமல் இருக்கும்.

அப்படிப்பட்ட பிள்ளையிடம், அதை எதுவும் கேட்காமல், வீட்டுக்குள்ளேயே வந்து பேசக்கூடிய பெரியவர் யார்? டீவியும் ரேடியோவும் கையில் இருக்கும் போனும்தான். அவை பேசுவதைக் கேட்கப் பிள்ளை எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. ஊடக ஆதரவு என்று சொல்வதன் அடி இதில்தான் இருக்கிறது.

மற்றவர்கள் செய்து பார்த்தது

1994இல் அமெரிக்காவில் 'டிரெவர்' என்றொரு குறும்படம் வந்தது. 13 வயதுச் சிறுவன், தன்பாலீர்ப்பு உள்ளவன் என்று தெரிந்ததும் நண்பர்கள் ஒதுக்குகிறார்கள், அவன் உயிரை விடத் துணிகிறான், பிறகு மீள்கிறான். 1995இல் ஒஸ்கார் விருதும் கிடைத்தது. கதை அதோடு முடியவில்லை. 1998இல் அந்தப் படத்தைத் தொலைக்காட்சியில் போட ஏற்பாடானபோது எடுத்தவர்களுக்கு ஒரு யோசனை வந்தது: இதைப் பார்க்கிறவர்களில் இதே நிலையில் ஒரு பிள்ளை இருந்தால் படம் முடிந்ததும் அது எங்கே போகும்? திரையின் அடியில் ஓர் உதவி எண் போடலாம் என்று தேடினார்கள். இந்த வயதுப் பிள்ளைகளுக்கென்று நாடு தழுவிய எண் எதுவும் கிடைக்கவில்லை. சரி, நாமே தொடங்குவோம் என்று தொடங்கினார்கள். படம் ஒளிபரப்பான இரவிலேயே தொலைபேசி மணி அடிக்கத் தொடங்கியது. அந்தச் சேவை இன்றும் இருக்கிறது.

2010இல் டான் சாவேஜ் என்ற பத்தி எழுத்தாளர் தன் துணைவரோடு உட்கார்ந்து யூடியூபில் ஒரு வீடியோ போட்டார். பள்ளியில் நாங்களும் பட்டோம், பிறகு வாழ்க்கை சரியாகியது, பொறுத்திருங்கள் என்பதுதான் சாரம். அதைத் தொடர்ந்து ஆயிரக்கணக்கானவர்கள் போட்டார்கள், அப்போதைய அமெரிக்க ஜனாதிபதி ஒபாமாவும் போட்டார். அதே வருடம் கனடாவில் ஒரு மாணவியின் யோசனையில் ஒக்டோபர் மாதம் ஒரு நாள் எல்லோரும் ஊதா உடுத்துவது தொடங்கியது, அது இன்னும் நடக்கிறது.

இந்த மூன்றில் எதற்கு மதிப்பெண் என்று கேட்டால் நான் முதலாவதற்குத்தான் போடுவேன். ஊதாச் சட்டை நல்லதுதான், போட்டோவுக்கும் நன்றாக இருக்கும். "பிறகு சரியாகும்" என்பதும் கேட்க ஆறுதல். ஆனால் நாளைக் காலை ஏழு மணிக்கு அதே பஸ்ஸில் அதே பையன்களோடு ஏற வேண்டிய பிள்ளைக்கு 'பிறகு' என்பது மிகத் தூரம். தொலைபேசி எண் இன்றிரவுக்கு உதவும்.

செய்தி எழுதுகிறவர்களுக்கு வியன்னாவில் ஒரு பாடம் இருக்கிறது. 1980களில் அந்த நகரத்தின் சுரங்க ரயிலில் நடந்த தற்கொலைகளைப் பத்திரிகைகள் படமும் விவரமுமாகப் போட்டுக்கொண்டிருந்தன, எண்ணிக்கையும் ஏறிக்கொண்டே போனது. 1987 நடுவில், இதை எப்படி எழுதுவது என்று ஒரு வழிகாட்டி தயாரித்து நிருபர்களிடம் கொடுத்தார்கள். அவர்கள் அடக்கி எழுதத் தொடங்கியதும் அந்த வருடத்தின் பின்பாதியிலேயே எண்ணிக்கை சட்டென்று இறங்கியது. ரயில் அதே ரயில். மாறியது செய்தி.

நம் நாட்டில் நடந்த ஒன்றையும் சொல்கிறேன். பெண் தன்பாலீர்ப்பாளர் மாநாடு ஒன்று நடக்கப்போகிறது என்று கேள்விப்பட்டு, அவர்கள்மீது கைதிகளை ஏவி வன்புணரச் செய்ய வேண்டும் என்று ஒருவர் எழுதிய கடிதத்தை ஒரு பத்திரிகை அச்சிட்டது. பால்புதுமையினர் உரிமைக்காக வேலை செய்த ஒருவர் பத்திரிகைப் பேரவையில் முறையிட்டார். 2000ஆம் ஆண்டு பேரவை அபராதம் விதித்தது. யாருக்கு? முறையிட்டவருக்கு. இந்தச் சம்பவத்தை முதலில் வாசித்தபோது நான் தவறாக வாசித்துவிட்டேன் என்று நினைத்துத் திரும்ப வாசித்தேன்.

நான் எழுதிய ஒரு செய்தி

மற்றவர்களைச் சொல்லிவிட்டு என்னைச் சொல்லாமல் விட முடியாது. சில வருடங்கள் பகுதி நேரமாகப் பிரதேசச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒரு பாடசாலை மைதானத்துக்குப் பின்னால் ஒரு பையனை மூன்று பேர் அடித்துவிட்டார்கள். நான் அனுப்பிய செய்தியின் தொடக்கம் ஏறக்குறைய இப்படி இருந்தது: "பெண்களைப் போன்ற நடத்தை கொண்ட, இன்ன தோட்டம் கீழ்ப்பிரிவைச் சேர்ந்த, இரு சகோதரிகளின் ஒரே சகோதரரான தரம் 10 மாணவர் தாக்குதலுக்குள்ளாகி வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டுள்ளார்."

பெயரை எழுதவில்லை என்று எனக்குள் ஒரு பெருமை வேறு. ஒரு தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் எத்தனை லயம் இருக்கும்? தரம் பத்தில் எத்தனை பேர்? அவர்களில் இரண்டு சகோதரிகளோடு பிறந்த ஒரே பையன் எத்தனை பேர்? கொழும்பில் இருந்து வாசிக்கிறவருக்கு அது பெயரில்லாத பையன். தொழிலாளர்கள் வேலைக்குக் கூடும் பிரட்டுக்களத்தில் மறுநாள் காலை அது யாருடைய மகன் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அதுவரை பள்ளிக்குள் மட்டும் இருந்த பட்டப்பெயர் கொழுந்து மலைக்குப் போனது, அவன் அம்மாவின் காதுக்குப் போனது. இரண்டு மாதத்தில் அவனைக் கொழும்பில் ஒரு கடைவேலைக்கு அனுப்பிவிட்டார்கள். சாதாரண தரப் பரீட்சை எழுதவில்லை.

அந்தச் செய்தியை இப்போது எழுதினால் எப்படி எழுதுவேன்? முதலில் எழுவாயை மாற்றுவேன். பழைய செய்தியில் எழுவாய் அடிபட்ட பையன், அடித்தவர்கள் வாக்கியத்திலேயே இல்லை. 'தாக்குதலுக்குள்ளாகி' என்று எழுதினால் மழையில் நனைந்ததுபோல ஆகிவிடுகிறது, செய்தவர் யாருமில்லை. இப்போதானால் "பாடசாலை மைதானத்துக்கு அருகில் மூன்று மாணவர்கள் சக மாணவர் ஒருவரைத் தாக்கினர்" என்று தொடங்குவேன். பிரிவு, வீட்டு விவரம், தரம் எல்லாம் போகும். அவன் எப்படி நடப்பான் என்பதும் போகும், ஏனென்றால் அது அடிக்குக் காரணமில்லை. அடித்தவர்களின் மனத்தில் இருந்ததுதான் காரணம். அதிபர் என்ன செய்தார், இதற்கு முன்னர் யாராவது முறையிட்டார்களா என்று ஒரு பந்தி. கடைசியில் உதவி எண்.

இன்னொன்று, நம் பத்திரிகைத் தமிழில் ஊறிப்போன ஒரு தொடர்: "தவறான முடிவெடுத்து உயிரை மாய்த்துக்கொண்டார்." மரியாதையாகச் சொல்வதாக நினைத்துத்தான் எழுதுகிறோம். ஆனால் அது இறந்த பிள்ளையின் தலையிலேயே கடைசித் தவறையும் போடுகிறது. வருடக்கணக்காக வதைத்தவர்கள் தப்பிவிடுகிறார்கள். அதோடு, 'முடிவு' என்று சொல்லும்போது அது எடுத்துப் பார்க்கக்கூடிய ஒரு தெரிவுபோல வாசிக்கிற பிள்ளைக்குத் தெரியலாம். "உயிரிழந்தார்" போதும். எந்த இடம், எந்த முறை என்பதெல்லாம் வேண்டவே வேண்டாம்.

சொற்களிலும் கடன் வாங்க நமக்கு வழி இருக்கிறது. தமிழ்நாட்டில் மதுரையிலிருந்து பாதுகாப்புத் தேடிச் சென்னைக்கு வந்த இரண்டு பெண்கள் 2021இல் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அந்த வழக்கின் தொடர்ச்சியாக 2022இல் தமிழ்நாடு அரசு மரியாதையான தமிழ்ச் சொற்களின் பட்டியல் ஒன்றை அரசிதழில் வெளியிட்டது, ஊடகங்களும் அதைப் பின்பற்ற வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. 'ஓரினச்சேர்க்கையாளர்' என்ற சொல்லைத் தள்ளிவிட்டுத் 'தன்பாலீர்ப்பாளர்' என்று எழுதினால் என்ன மாறும் என்று கேட்பார்கள். முதல் சொல் ஒரு மனிதரைப் படுக்கையறையாகச் சுருக்குகிறது. இரண்டாவது, 14 வயதுப் பிள்ளை தன்னைப் பற்றி வாய்விட்டுச் சொல்லக்கூடிய சொல்.

லயத்து இரவில்

நம் பக்கத்து வீடுகளில் ஊடகம் தனியாகக் கேட்கும் ஒன்றல்ல. பழைய லயங்கள் பலவற்றில் இரண்டு காம்பராக்களுக்கு இடையில் இருக்கும் சுவர் கூரையைத் தொடாது. ஒரு வீட்டு டீவி நான்கு வீட்டுக்குக் கேட்கும், ஒரு வீட்டுச் சிரிப்பும் அப்படித்தான். சேலை கட்டிய ஆண் திரையில் வரும் அந்தக் காட்சியை நினைத்துப் பாருங்கள். எல்லோரும் டீவியைப் பார்க்கிறார்கள். மூலையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளை மட்டும் டீவியைப் பார்க்கவில்லை, அப்பாவின் முகத்தைப் பார்க்கிறது. அப்பா எவ்வளவு பலமாகச் சிரிக்கிறார், மாமா என்ன வார்த்தை சொல்கிறார், அண்ணன் யார் பக்கம் திரும்பிக் கண்ணடிக்கிறான் என்று அளந்து வைத்துக்கொள்கிறது. யாரிடம் சொல்லலாம், யாரிடம் சொல்லவே கூடாது என்ற கணக்கு அந்த இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.

அந்த நேரம் ஆச்சி ஒருத்தி "இதுல சிரிக்க என்னா இருக்கு, அதுவும் ஒரு தாய் பெத்த புள்ளதானே" என்று சொன்னால் அந்தக் கணக்கு மாறும். ஆச்சிக்குப் பால்புதுமை என்ற சொல் தெரியாது. தெரிய வேண்டியதில்லை.

இப்போது பெரும்பாலான பிள்ளைகளுக்கு டீவியைவிடப் போன்தான். வகுப்பு வட்ஸ்அப் குழுவில் ஒருவனின் நடையை வீடியோ எடுத்துப் பாட்டுப் போட்டு அனுப்புகிறார்கள். டிக்டொக்கில் அதற்கு மேல் இன்னொருவன் நடித்துக் காட்டுகிறான். முன்பு இடாப்போடு முடிந்த விஷயம் இரவு பதினொரு மணிக்கும் தலையணைக்கு அடியில் அதிர்ந்துகொண்டிருக்கிறது. மலையகத்தைப் பற்றிப் பேஸ்புக் பக்கமும் யூடியூபும் நடத்துகிற நம் இளைஞர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், நன்றாகவும் செய்கிறார்கள். அவர்களிடம் ஒன்று சொல்லத் தோன்றுகிறது: பக்கத்தை நடத்துவது என்றால் கீழே விழும் கமெண்டுகளையும் நடத்துவதுதான். திருநங்கை ஒருவரின் பேட்டியை மரியாதையாக எடுத்துப் போட்டுவிட்டு, அடியில் முந்நூறு வசையை அப்படியே விட்டால், உங்கள் பக்கத்தைப் பார்க்கும் பிள்ளை பேட்டியைப் பார்க்காது, வசையைத்தான் எண்ணும். அழிக்க நேரமில்லையென்றால் கமெண்டை மூடிவிடுங்கள். அழுகிற முகத்தைத் தம்ப்நெயிலில் போடுவதையும் விடுங்கள். கொழுந்து பறித்துக்கொண்டோ, தையல் மெஷினில் உட்கார்ந்தோ, சாதாரணமாக வாழும் ஒருவரைக் காட்டினால் போதும். "இப்படியும் ஒரு பெரிய ஆளாக ஆகலாம்" என்பதை நம் பிள்ளைகள் தமிழில், அதுவும் நம் தமிழில், பார்த்ததே இல்லை.

பள்ளிகளில் சுவர்ப் பத்திரிகை, காலைக்கூட்டம், தமிழ் மொழித் தின நாடகம் எல்லாம் ஊடகம்தான். நாடகத்தில் ஆளைச் சிரிக்க வைக்க ஒரு பையனுக்குப் பாவாடை கட்டிவிடும் வழக்கத்தை ஆசிரியர்கள் நிறுத்தினாலே பாதி வேலை முடிந்துவிடும். பெயர் கூப்பிடும்போது இலக்கத்தைச் சொல்லாமல் பெயரைச் சொல்லலாம். அதற்குச் சுற்றறிக்கை தேவையில்லை.

ஒரு பிள்ளை உங்களிடம் வந்து சொல்லிவிட்டால், "உனக்கு எப்படித் தெரியும்", "யாராவது கெடுத்துவிட்டார்களா" என்று விசாரணை நடத்தாதீர்கள். சொன்னதற்கு நன்றி சொல்லுங்கள், யார் தொல்லை தருகிறார்கள் என்று கேளுங்கள். அம்மாவிடமோ வகுப்பாசிரியரிடமோ பிள்ளையைக் கேட்காமல் கொண்டுபோகாதீர்கள். நல்ல மனத்தோடு கொண்டுபோய்ச் சொல்லி வீட்டைவிட்டுத் துரத்த வைத்தவர்களும் இருக்கிறார்கள்.

எண்களைச் சொல்லிவிடுகிறேன். 1929 தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் சிறுவர் உதவி எண், 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு. 1926 தேசிய மனநல நிறுவகத்தின் எண், எந்த வயதினரும் எடுக்கலாம். இரண்டிலும் தமிழில் பேசலாம். 1929க்குக் காசு போகாது, போனில் ரீலோட் இல்லாவிட்டாலும் எடுக்கலாம். அழைக்கும்போது எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்றில்லை. "பள்ளியில் என்னை அடிக்கிறார்கள்" என்பதோடு நிறுத்தினாலும் போதும், ஏன் என்று விளக்கத் தேவையில்லை. வீட்டுப் போன் என்றால் பேசி முடித்ததும் அழைப்புப் பட்டியலில் அந்த எண்ணை அழித்துவிடுங்கள். காம்பராவுக்குள் இருந்து பேசினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். நம் தோட்டங்கள் பலவற்றில் சிக்னல் நன்றாகக் கிடைப்பது எப்படியும் லயத்தைவிட்டுத் தள்ளி, மேட்டில் மாடசாமி கோயிலடியிலோ தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்திலோதான். அந்தி நேரத்தில் அங்கே போன் பேசுகிறவனை யாரும் ஏன் என்று கேட்பதில்லை.